பேதுரு குளிர்காய்ந்த இடம்

குடியை விட்டவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். எப்படி விட்டேன் என்ற கதையைச் சொல்லப்போவதில்லை. எங்கள் கரையில் அப்படிப்பட்ட கதைகள் ஏராளம். சொல்கிறவருக்கு ஆறுதல் தருவதைத் தாண்டி அவற்றால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. என்னிடம் இருப்பது ஒரு வழக்கு. வேம்பாறு முதல் மணப்பாடு வரை, குடியை நிறுத்த நினைக்கிறவனுக்கு ஊர் கொடுக்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: மனசை உறுதியாக வைத்துக்கொள். இதிலேயே கொஞ்சம் பக்தி கலந்து சொல்கிறவர்கள், விசுவாசம் இருந்தால் டாஸ்மாக் வாசலில் நின்றாலும் நாக்கு ஊறாது என்பார்கள். ஊறினால் விசுவாசம் போதவில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். இந்த அறிவுரை நல்ல மனதோடு சொல்லப்படுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இது தவறு. அதைவிட முக்கியம், இது கிறிஸ்தவப் போதனையே அல்ல. திருச்சபை தன் நீண்ட அனுபவத்தில் சோதனையைப் பற்றிக் கற்றுக்கொண்டது இதற்கு நேர் எதிரானது: தனியாக நிற்காதே, மறைக்காதே, அந்த இடத்தை விட்டுப் போ. இப்படிச் செய்கிறவனை நம் ஊரில் கோழை என்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சோதனை வருவது பாவமல்ல என்பதில் தொடங்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். அகுஸ்தீனார் மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் பாவம் மூன்று படிகளில் முழுமையாகிறது என்கிறார்: ஒரு நினைப்பு வந்து தட்டுவது, அந்த நினைப்பில் மனம் சுகம் காண்பது, கடைசியில் சரி என்று சம்மதிப்பது. பெரிய கிரகோரியாரும் இதே மூன்று படிகளைத்தான் சொல்கிறார். சம்மதம் இல்லாதவரை வெறும் நினைப்புக்காக எவனும் குற்றவாளி ஆவதில்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இன்னும் ஒரு படி மேலே போய், இயேசுவே எல்லா வகையிலும் நம்மைப் போலச் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்கிறது. ஆண்டவருக்கே வந்த ஒன்று உங்களுக்கு வருவதில் என்ன அவமானம்? ஆனால் நம் கரையில் அவமானம் இருக்கிறது. குடியை நிறுத்திச் சில மாதங்கள் ஆன ஒருவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஆசை எழுந்தால் அவன் வாயே திறக்கமாட்டான். மனைவியிடம் சொன்னால் அழுவாள், அம்மாவிடம் சொன்னால் நேர்த்திக்கடன் வைப்பாள், மச்சானிடம் சொன்னால் சிரிப்பான், பங்குச் சாமியிடம் சொன்னால் தன்னைப் பற்றிய நல்ல பெயர் போய்விடும். ஆகவே உள்ளேயே வைத்துக்கொள்கிறான். சமாளித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்.

இந்த மறைப்பைப் போல அதிக விலை வாங்கிய தவறு வேறொன்று இந்தக் கரையில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். கடன், படகுப் பங்கு, மகளின் நகை, ஈரல் எல்லாம் போனது அந்த வழியில்தான். குடி முதல் கிளாஸில் தொடங்குவதில்லை. பங்குப் பணத்தில் ஒரு இருநூறு ரூபாயைத் தனியாக மடித்து வேறு பையில் வைக்கும்போது தொடங்குகிறது. போனில் சார்ஜ் இல்லை என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பதில், நேர் வழியில் போகாமல் ஐஸ் கம்பெனியைச் சுற்றிக்கொண்டு போவதில், யாரைப் பார்த்தால் ‘வா’ என்பான் என்று தெரிந்தே அவன் நிற்கும் இடத்துக்குப் போவதில் அது வளர்கிறது. இவ்வளவையும் செய்துகொண்டே, நான் இன்னும் குடிக்கவில்லையே, என் மனம் உறுதியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள முடிவதுதான் இதில் உள்ள பயங்கரம். அகுஸ்தீனார் சொன்ன இரண்டாவது படி இதுவே. இந்தப் படியில் இருக்கிறவனை வெளியிலிருந்து யாராலும் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் அவன் அங்கே இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறார். மனிதனைக் கெடுக்க வரும் எதிரி எதையும்விட விரும்புவது இரகசியம். தன் யோசனைகளை நல்ல ஆன்ம குருவிடமோ அனுபவம் உள்ளவரிடமோ அந்த மனிதன் திறந்து சொல்லிவிட்டால் எதிரியின் திட்டம் அத்தோடு கலைந்துபோகும் என்பது அவர் விதிகளில் ஒன்று. இது நமக்கு எங்கோ ஸ்பெயினில் எழுதிய விஷயமல்ல. 1534-இல் பாரிஸ் மோன்மார்த்ர் குன்றில் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்தவர்களில் ஒருவர்தான் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார். அவருக்குப் பின் வந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் இந்தக் கரையிலேயே உழைத்து 1600-இல் புன்னைக்காயலில் இறந்த அண்டிரிக் அடிகளார், 1578-இல் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் இன்னொன்று 1580-இல் கொச்சியில் அச்சான கொம்பெசியனாயரு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்கிற கையேடு அது. யோசித்துப் பாருங்கள்: அச்சு எழுத்துகளை வார்த்தெடுப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில், முத்துக் குளிக்கிற, மீன் பிடிக்கிற மக்களுக்கு அவசரமாகத் தேவைப்படும் புத்தகங்களில் ஒன்று, தன் உள்ளே நடப்பதை இன்னொருவரிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று காட்டும் புத்தகம் என அண்டிரிக் அடிகளார் முடிவு செய்திருக்கிறார். துபாசியை நடுவில் வைத்துக்கொண்டு மனசைத் திறக்க யாராலும் முடியாது என்று உணர்ந்துதான் அவர் தமிழையே கற்றார். சொல்வது என்பது அவ்வளவு முக்கியம். இன்றைக்கு நம் மொழி தெரிந்த சாமிமார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும்போது நாம் சொல்லாமல் இருக்கிறோம்.

இப்போது பேதுருவுக்கு வருகிறேன். நம்மைப் போலக் கடல்தொழில் செய்தவர், ஆகவே நமக்கு இவரைவிட நெருக்கமான சாட்சி கிடையாது. எல்லாரும் உம்மை விட்டு ஓடினாலும் நான் ஓடமாட்டேன், சிறைக்கும் சாவுக்கும் தயார் என்று இராப்போசன வேளையில் சொன்னவர் அவர். அது வெறும் வாய்வீச்சு என்று பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சில மணி நேரத்துக்குள் கெத்சமனியில் ஆயுதத்தோடு ஒரு கூட்டம் வந்தபோது, வாளை உருவி வெட்டியவர் அவர்தான். ஒரு கூட்டத்துக்கு எதிராக ஒற்றை ஆளாக வாள் உருவுகிறவனிடம் மன உறுதி இல்லை என்று யார் சொல்வது? உறுதி நிறையவே இருந்தது. அப்படிப்பட்டவர் விழுந்தது ஒரு படைவீரனிடம் அல்ல, தலைமைக்குருவின் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியில். எங்கே விழுந்தார் என்று பாருங்கள். குளிர் நேரம். அந்த வீட்டு முற்றத்தில் காவலரும் வேலைக்காரரும் கரி நெருப்பு மூட்டியிருந்தார்கள். பேதுரு அவர்களோடு போய்ச் சேர்ந்து குளிர்காய்ந்தார். தோட்டத்தில் விழித்திருந்து செபிக்கச் சொன்ன நேரத்தில் தூங்கினார். கூட இருந்தவர்களை விட்டுப் பிரிந்தார். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் நெருப்பருகே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேள்வி யாரிடமிருந்து வந்திருந்தாலும் பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும். நற்செய்தி நூல்கள் நான்கும் இந்தச் சம்பவத்தை விடாமல் பதிவு செய்திருக்கின்றன. திருச்சபையின் முதல் தலைவருக்கு அவமானமான இந்தச் செய்தியை அவர்கள் மறைக்காமல் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். இயேசு பாலைவனத்தில் தனியாகத்தானே நின்றார், நாற்பது நாள் பசித்திருந்து அலகையை நேருக்கு நேர் பார்த்துத்தானே வென்றார், நாமும் அப்படி நின்றால் என்ன? கேட்பவர்கள் மத்தேயு நான்காம் அதிகாரத்தை மறுபடியும் நிதானமாக வாசிக்க வேண்டும். முதலாவது, அவர் தாமாகச் சோதனையைத் தேடிப் போகவில்லை, ஆவியானவர் அவரை அங்கே அழைத்துப்போனார். இரண்டாவது, மூன்று சோதனைக்கும் அவர் சொன்ன பதில்கள் மூன்றும் இணைச்சட்ட நூலிலிருந்து எடுத்தவை. புதிதாக ஒன்றும் பேசவில்லை, வாதாடவில்லை; தம் மக்கள் காலங்காலமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். ஆனால் என் வழக்குக்கு வேண்டியது இதெல்லாம்கூட அல்ல, ஆலய உச்சியில் நடந்த சோதனை. இங்கேயிருந்து குதி, கடவுளின் தூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்றான் அலகை. அதற்கு ஆதாரமாகத் திருப்பாடலையே எடுத்துச் சொன்னான். அதாவது, ஆபத்தில் உன்னை நீயே கொண்டுபோய் நிறுத்து, உன் விசுவாசம் உண்மை என்றால் உனக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அந்தச் சோதனையின் உள்ளடக்கம். விசுவாசம் இருந்தால் சாராயக் கடை வாசலில் நின்றாலும் ஒன்றும் ஆகாது என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள், தாங்கள் சுவிசேஷத்தில் யாருடைய வசனத்தைத் திருப்பிச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்றார். தன் உறுதியை நிரூபித்துக் காட்டுவதற்காகக் கல்யாண வீட்டுப் பின்பக்கம் பாட்டில் உடைக்கிற கூட்டத்தோடு போய் உட்கார்ந்து, கையில் கலர் பாட்டிலோடு இருக்கிறவன் ஆலய உச்சியிலிருந்து குதிக்கிறான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அலகையை எதிர்த்து நில்லுங்கள், அவன் ஓடிப்போவான் என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே. இஞ்ஞாசியாரும்கூட, பயந்து தளர்கிறவனிடம் எதிரி மூர்க்கமாகிறான், துணிந்து நிற்பவனிடம் வலுவிழக்கிறான் என்று அதே விதிகளில் சொல்கிறாரே? சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பது என்றால் எதை? அகுஸ்தீனாரின் முதல் படியில், நினைப்பு வந்து தட்டும் அந்தக் கணத்திலேயே ‘இல்லை’ என்று சொல்வதுதான் எதிர்ப்பு. இரண்டாவது படியில் போய் உட்கார்ந்துகொண்டு, மூன்றாவது படிக்குப் போகமாட்டேன் என்று வீம்பு பிடிப்பதற்கு எதிர்ப்பு என்று பெயரில்லை. எகிப்தில் போத்திபாரின் மனைவி மேலாடையைப் பிடித்தபோது யோசேப்பு நின்று நியாயம் பேசிக்கொண்டிருக்கவில்லை; துணியை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினார். ஓடியதற்காகப் பழியும் சிறையும் வந்தன, நல்ல பெயர் போனது. பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போதும் இளமைக்குரிய இச்சைகளை விட்டு ஓடு என்றுதான் எழுதுகிறார். கொரிந்தியருக்கோ, தாங்க முடியாத சோதனைக்குக் கடவுள் உங்களை விடமாட்டார், சோதனையோடு தப்பும் வழியையும் தருவார் என்கிறார். இந்த வசனத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்து, உன்னால் தாங்க முடியும் என்று பிரசங்கிப்பது எளிது. வழி என்று ஒன்று கொடுத்தால் அதில் நடந்து வெளியே வர வேண்டாமா?

சவேரியார் இந்தக் கரையில் சாராயத்தை எப்படிக் கையாண்டார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சான்று. 1544-இல் தம் உடன் உழைப்பாளர் மான்சிலாஸுக்கு மணப்பாட்டிலிருந்து எழுதியவற்றில், சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் காவலும் விதிக்கச் சொல்கிறார்; புன்னைக்காயலில் இனியும் சாராயம் குடிப்பதாகத் தெரிந்தால் அதற்கு ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கிறார். பெண்கள்மேல் விழுந்த அந்தத் தண்டனையை நான் ஏற்கவில்லை; ஆண்கள் குடித்த கணக்கை யார் எழுதியது? ஆனால் பட்டங்கட்டிகளைப் பொறுப்பாக்கினாரே, அது சரியான பார்வை. குடிக்கிறவனிடம் மட்டும் ‘மனசை உறுதியாக வை’ என்று சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. சோதனைக்கு ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். இடறல் வருவது தவிர்க்க முடியாதது, ஆனால் அதற்குக் காரணமாக இருப்பவனுக்கு ஐயோ கேடு என்று மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதும் இதுவே. ஆகவே, எல்லாம் தனிமனிதன் பலவீனம் என்பவர்களையும் நான் ஏற்கவில்லை, எல்லாம் அரசாங்கம் செய்த வேலை என்பவர்களையும் ஏற்கவில்லை. 2003-இலிருந்து சில்லறை விற்பனையையே கையில் எடுத்துக்கொண்டு பகல் 12 மணிக்குக் கடை திறந்து வைக்கும் அரசுக்குப் பங்கு உண்டு. வாரக் கணக்கு முடிக்கும்போது பங்குப் பணத்தோடு ஒரு ‘ஆஃப்’ பாட்டிலையும் எடுத்து வைத்து, ஆட்களைத் தன் லாஞ்சிலேயே தக்கவைக்கிற முதலாளிக்கும் பங்கு உண்டு. தூத்துக்குடி பனிமய மாதா கோவில் கொடியேற்றமான ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 திருநாள் வரை, மாதாவை வைத்தே குடிக்கக் காரணம் தேடித் தருகிற சொந்தக்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொருவனும் தன் சொந்த ஆசையால்தான் இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு சொல்வதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற போதனைதான் கிறிஸ்தவப் போதனை.

முத்துக்குளிப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கடல்கட்டி என்ற ஆளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் வராமல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையில் அந்த வேலையைச் செய்த குடும்பத்துத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று அங்கே ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். ஆனால் கடல்கட்டியை நம்பி எந்தக் குளியாளும் கயிறில்லாமல் இறங்கியதில்லை. காலில் கல்லை மாட்டி, சிப்பி அள்ளும் வலைக்கூடையோடு அவன் இறங்கும்போது, தோணியில் ஒருவன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் வேறெங்கும் பார்க்கக்கூடாது. கீழே இருப்பவனுக்கு ஒரு மூச்சுதான். கயிறு ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். நம் முன்னோர் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளில் இப்படித்தான் உயிரோடு மேலே வந்தார்கள். மந்திரித்த கயிறு, சட்டைப் பையில் அற்புத எண்ணெய், ஒரே ஜெபக்கூட்டத்தில் குடி மறக்கச் செய்கிறேன் என்ற வாக்குறுதி இவையெல்லாம் கடல்கட்டியின் வரிசையில் வருபவை. குடியை விடுகிறவனுக்கு வேண்டியது கயிற்றைப் பிடிக்கிற ஆள். அந்த ஆள் குடிக்காதவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, குடித்து நிறுத்தியவராக இருந்தால் இன்னும் நல்லது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் படிகளில் ஒன்று, தன் தவறுகளைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. அதன் பன்னிரண்டு படிகளுக்கும் இஞ்ஞாசியாரின் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தவர் எட்வர்ட் டௌலிங் என்ற இயேசு சபைக் குரு. அந்தக் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன.

இடத்தை விட்டுப் போ என்றால் எங்கே போவது, கடல்தொழிலை விட்டுவிடவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, திருச்சபையின் அறநெறி நூல்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அல்போன்ஸ் லிகோரியார் பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பங்களை, விலக முடிந்தவை, விலக முடியாதவை என்று பிரித்துப் பார்க்கிறார். விலக முடிந்ததை விட்டு விலகாமல் மனஸ்தாபப்படுவதில் அர்த்தமில்லை. பிழைப்புக்காக விலக முடியாததை, வேறு ஏற்பாடுகளால் ஆபத்துக் குறைந்ததாக மாற்ற வேண்டும். நம் விஷயத்தில் கடல் விலக முடியாதது, சனிக்கிழமை சாயங்காலம் விலக முடிந்தது. பங்குப் பணத்தைக் கையில் வாங்காமல் மனைவியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்வது, கணக்கு முடிக்கும் இடத்துக்கு மூத்த மகனையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போவது, கடை மூடும் இரவு 10 மணி வரை வீட்டிலோ கோவிலிலோ இருப்பது, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கே போய்விடுவது, பாட்டில் வைக்கிற லாஞ்சை விட்டு வேறு லாஞ்சுக்கு மாறுவது, இவையெல்லாம் சாதாரண வேலைகள், விளக்கம் தேவையில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரைத் தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பழக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே ஒப்புக்கொள்கிறது. அதனால் நோயா பாவமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை, இரண்டுக்கும் முதல் வேலை வாய் திறப்பது.

குடிக்கு மட்டும்தான் இது என்று நினைக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் வட்டிக்காரன் வந்து நிற்கும் நேரம் பார்த்து, ஒரு ராத்திரி ஓட்டத்துக்கு இவ்வளவு தருகிறோம் என்று வருகிற தரகர்களை உங்களுக்கும் தெரியும். இலங்கைக்குப் போவது பீடி இலையாக இருக்கும், அல்லது பதப்படுத்திய கடல் அட்டையாக இருக்கும். கடல் அட்டை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அந்தத் தரகன் முதலில் கேட்பது என்ன தெரியுமா? யாரிடமும் சொல்லாதே என்பதைத்தான். இஞ்ஞாசியாரைப் படிக்காதவனுக்கும் அந்த விதி தெரிந்திருக்கிறது. அன்று இரவே மனைவியிடம் சொன்ன பையன் போகமாட்டான். சொல்லாதவன் போவான், போன பிறகு சொல்லவும் முடியாது.

ஊரே சேர்ந்து நிற்பதற்கு நம்மிடம் ஆதாரம் இருக்கிறது. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், கோவில்களைக் கைப்பற்றினார்கள், தங்கள் சீர்திருத்த சபைக்குப் பரதவரை இழுக்கப் பார்த்தார்கள். முத்தும் சங்கும் கடல் வியாபாரமும் அவர்கள் கைக்குள். மாறியிருந்தால் ஆதாயம் இருந்திருக்கும், யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் பரதவர் மாறவில்லை. டச்சு ஆட்சிக் காலத்திலேயே, 1713-இல், இன்றைய பனிமய மாதா கோவில் எழுந்தது. அத்தனை பேரும் தனித்தனியாக இரும்பு மனம் படைத்தவர்களாக இருந்ததால் இது நடந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. சாதித்தலைவரும் ஊர்களும் ஒன்றாக நின்றார்கள், ஒருவர் சறுக்கினால் அடுத்தவருக்குத் தெரிந்தது. ஊர்க்கட்டுப்பாடு என்றாலே அடக்குமுறை என்று படித்த பிள்ளைகள் இப்போது சொல்கிறார்கள். தண்டம் போட்டு மிரட்டிய காலங்களும் உண்டு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. பயமுறுத்தித் தடுப்பது வேறு, தெரிந்துகொண்டு கூட நிற்பது வேறு. இன்றைக்கு ஒவ்வொரு பங்கிலும் அன்பியங்கள் இருக்கின்றன, பத்து முதல் முப்பது வீடுகள் வரை மாதந்தோறும் கூடிச் செபமாலை சொல்கின்றன. எனக்கு இந்த வாரம் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு ஆண் எழுந்து சொல்ல முடிகிற அன்பியம் எத்தனை இருக்கிறது? ஆண்கள் வருகிற அன்பியமே குறைவு. இந்த ஒன்றை மாற்றாமல் மதுவிலக்கு ஞாயிறு கொண்டாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாக, விலகிப் போனவனைக் கோழை என்கிறவர்களுக்கு. சேவல் கூவியதும் பேதுரு முதலில் செய்தது அந்த முற்றத்தை விட்டு வெளியேறியது. அழுதது அதற்குப் பிறகுதான் என்று லூக்கா எழுதுகிறார். அவரை ஆண்டவர் திபேரியக் கடற்கரையில், மறுபடியும் ஒரு கரி நெருப்பின் பக்கத்தில், மற்றச் சீடர்களுக்கு நடுவே வைத்து விசாரித்தார். மூன்று முறை கேட்டார், ஆடுகளையும் ஒப்படைத்தார். உன் உறுதி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விழுந்தவன் திரும்ப வரும்போது நாம் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். கல்யாண வீட்டில் சீக்கிரம் எழுந்து போகிறவனை இழுத்து உட்கார வைக்காதீர்கள். ஒரு நாள்தானே, மச்சான், என்று சொல்லாதீர்கள்; அவன் மறுநாள் விழுந்தால் தூக்க நீங்கள் வரப்போவதில்லை. படகு முதலாளிகளே, கணக்கைப் பகலில் முடியுங்கள், பாட்டிலை எடுத்து வைக்காதீர்கள். இதை வாசிக்கிற தம்பி, உனக்கு இந்த ஆசை இன்னும் வருகிறது என்றால் வெட்கப்பட வேண்டாம். சனிக்கிழமை வரும்வரை காத்திருக்காதே. வெள்ளிக்கிழமை இரவே உன்னை மதிக்கிற ஒருவருக்குப் போன் போட்டு, நாளைக்கு எனக்குக் கஷ்டமான நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்.